மணிக்குப் பதினான்கு ரூபாய்

“வீட்டுல சும்மாதானே இருக்கீங்க?” என்றுதான் அந்த வீடியோக்கள் எல்லாம் தொடங்குகின்றன. பேசுபவரின் பின்னால் பட்டு நூல் வளையல்களோ குரோஷா பொம்மைகளோ ஒயர் கூடைகளோ வரிசையாகத் தொங்கும். செல்போன் ஒன்று போதும், முதலீடு ஆயிரம் ரூபாய், கடை வாடகை கிடையாது, இடைத்தரகர் கிடையாது, உலகமே உங்கள் சந்தை, மாதம் முப்பதாயிரம். மகளிர் பத்திரிகைகள் இதையே சிரித்த முகத்துடன் ஒரு ‘சாதனைப் பெண்’ படம் போட்டு எழுதுகின்றன. போன மாதம் எங்கள் தெருவில் நடந்த ஒரு வளைகாப்பில், பந்தி முடிவதற்குள் மூன்று பேர் என் மதினியிடம் இந்த யோசனையைச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேருமே ஆண்கள். மூன்று பேருக்குமே, மதினி அதை ஒன்றரை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்பது தெரியாது.

ஆன்லைனில் விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கையில் போன் வந்ததும் கைவேலைக்காரிக்குத் தன் உழைப்புக்குத் தானே விலை வைக்கும் பலம் வந்துவிட்டது என்கிறார்களே, அந்தப் பேச்சைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘வீட்டிலிருந்தே’ என்ற சொல்லை எவ்வளவு இனிப்பாகச் சொல்கிறார்களோ, அவ்வளவுக்கு அது அவள் கூலியைத் தின்கிறது.

முதலில் அந்தச் ‘சும்மா’. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. பிள்ளை வளர்ப்பும், படுத்திருக்கிற மாமியாரைப் பார்ப்பதும் இதில் சேராது; அதற்குத் தனிக் கணக்கு. இத்தனைக்கும் நடுவில் மிச்சமாகும் நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை பத்து நிமிடம், குழாயில் தண்ணீர் வரும்வரை கால் மணி, பள்ளி வேன் வரும்வரை அரை மணி. அந்தத் துண்டு நேரத்துக்குச் ‘சும்மா’ என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குக் கூலி போட வேண்டியதில்லை. இந்தத் தொழிலின் லாபக் கணக்கு முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

மதினி பின்னுவது ஒயர் கூடை. சிவன் கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு எல்லாம் கைவந்தவள். சந்தைக்கு எடுத்துப்போகிற நடுத்தரக் கூடை ஒன்றுக்கு மூன்று கட்டு ஒயர் செல்லும். முழம் போட்டு அளந்து வெட்டி, தரையில் உட்கார்ந்து அடியைப் பின்ன ஆரம்பிப்பாள். அடி ஒரு முடிச்சு கோணினாலும் மேலே ஏற ஏற கூடை ஒரு பக்கமாகச் சாயும். பிரித்துத்தான் மறுபடி போட வேண்டும். நான்கு மூலையும் எழும்பியதும் வேலை வேகம் பிடிக்கும். கைப்பிடிக்கு உள்ளே குழாய் கொடுத்துச் சுற்றி, வெட்டிய நுனிகளை உள்பக்கம் செருகி முடிப்பாள். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்குவது ஆள்காட்டி விரலும் கட்டை விரலும். அவள் வலது கை விரலில் ஒயர் அறுத்த கோடு ஒன்று நிரந்தரமாகவே விழுந்துவிட்டது. புளி கரைக்கும்போது அது எரியும்.

ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒயர் மூன்று கட்டு, கைப்பிடிக் குழாய் எல்லாம் சேர்த்து 175 ரூபாய். அட்டைப் பெட்டி, டேப் 30. இன்ஸ்டாகிராமில் அவள் போட்டிருந்த விலை 550, அதுவும் ‘ஃப்ரீ ஷிப்பிங்’. அப்படிப் போடாவிட்டால் ஒருவரும் கேட்பதில்லையாம். கூரியர் கடையில்தான் எனக்குத் தலை சுற்றியது. கூடையின் எடை அறுநூறு கிராம்கூட இல்லை. ஆனால் பெட்டி 32 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 28 உயரம். கூரியர்காரர்கள் கனத்தை மட்டும் பார்ப்பதில்லை. மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோ என்று வைத்துக்கொள்வார்கள். எது அதிகமோ அதற்குத்தான் காசு. கணக்குப்படி மூன்றரைக் கிலோவுக்கு மேல் வந்தது. நான்காக எழுதி 160 ரூபாய் வாங்கினார்கள். கூடைக்குள் இருந்த காற்றுக்கு மதினி வாடகை கட்டினாள். அமுக்கி மடக்கி அனுப்பலாமே என்றால், போய்ச் சேரும்போது கூடை நசுங்கிய சொம்பு மாதிரி இருக்கும். ஒரு தடவை அப்படி அனுப்பி, திட்டும் வாங்கி, பணத்தையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஆக மிச்சம் 185 ரூபாய். பின்னுவதற்கு 11 மணி நேரம். வெயில் பார்த்துப் படம் எடுப்பது, “சிஸ், வேற கலர் இருக்கா” என்பவருக்கு எட்டுக் கலரையும் அனுப்புவது, பேக்கிங், கூரியர் கடைக்கு நடை, இதெல்லாம் குறைத்துப் போட்டாலும் 2 மணி நேரம். 185-ஐ 13-ஆல் வகுத்தால் மணிக்குப் பதினான்கு ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தால் மணிக்கு 42. வெயிலில் வாய்க்கால் வெட்டும் பெண்ணுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், நாற்பது வகை முடிச்சு தெரிந்த கைக்கு. இத்தனைக்கும் இது எந்தத் தளத்துக்கும் கமிஷன் கொடுக்காத, எந்த விளம்பரத்துக்கும் காசு கட்டாத, திரும்பி வராத ஒரு கூடையின் கணக்கு.

“ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், ஆர்டர் கூடினால் சரியாகிவிடும்” என்பார்கள். எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கிற பதில் இதுதான். இட்லி மாவு வியாபாரத்தில் ஆர்டர் கூடினால் பெரிய கிரைண்டர் வாங்கலாம். கூடைக்கு எதை வாங்குவது? இரண்டு நாளைக்கு ஒன்று என்று வைத்தால் மாதம் பதினைந்து கூடை. பதினைந்தும் விற்றுத் தீர்ந்தாலும் 2,775 ரூபாய். அதுதான் உச்சவரம்பு. நூறு ஆர்டர் வந்தால் அவள் பணக்காரி ஆக மாட்டாள், எண்பத்தைந்து பேரிடம் ஏச்சு வாங்குவாள். ஆன்லைன் விற்பனை நிறைய, வேகமாக, ஒன்றுபோல் இருக்கிற சரக்குக்காக ஆனது. கைவேலை கொஞ்சமாக, மெதுவாக, ஒன்றுக்கொன்று சற்று மாறித்தான் வரும். அப்படி மாறி வருவதைக் கைவேலையின் அழகு என்று மேடையில் புகழ்கிறவர்கள், படத்தில் இருந்த பச்சைக்கும் வந்த பச்சைக்கும் அரை இழை வித்தியாசம் இருந்தால் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரி, விலையை ஏற்றுங்கள் என்கிறார்கள். நியாயமான யோசனை போலத்தான் இருக்கிறது. மணிக்கு 42 ரூபாய் வீதம் 13 மணி நேரத்துக்கு 546, செலவு 365, ஆக 911 ரூபாய். லாபமே வைக்காமல், வெறும் கூலி மட்டும் சேர்த்த விலை. அந்தக் கூடையை எந்தத் தளத்திலாவது 911 போட்டு வையுங்கள். பக்கத்திலேயே, அதே மாதிரி முடிச்சு போட்டதுபோல அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கூடை அதில் பாதிக்கும் குறைவான விலையில் வந்து நிற்கும். தலைப்பில் ‘ஹேண்ட்மேட்’ என்றும் எழுதியிருக்கும். தடவிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் தொடுதிரையில் தொட்டால் கண்ணாடிதான் கைக்குத் தட்டுப்படுகிறது. கைவேலையின் தரத்தைக் கையால்தான் அறிய முடியும் என்ற சாதாரண விஷயம் இந்த உற்சாகப் பேச்சில் எங்கேயும் வருவதில்லை. ஊர்ச் சந்தையில் கூடையைத் தூக்கி, அடியைத் தட்டி, கைப்பிடியை இழுத்துப் பார்த்து வாங்கிய கிழவிகளுக்கு மதினியின் கூடை ஏன் இருபது வருஷம் வரும் என்பது தெரிந்திருந்தது.

அப்படியானால் கதை சொல்லி விற்க வேண்டுமாம். பொருளைச் செய்பவள் யார், எந்த வீட்டுத் திண்ணையில் செய்கிறாள், அவள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ரீல் போட வேண்டும். அதாவது கூடை விற்க வந்தவள் தன் அடுப்படியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்கும் நேரம் போகும். ரீலுக்குப் பாட்டுத் தேடுவது, முகத்துக்குப் பவுடர் போடுவது, வாரம் நான்கு போடாவிட்டால் பக்கம் கீழே போய்விடும் என்ற பதற்றம், இதற்கெல்லாம் மணிக்கணக்கு யாரும் எழுதுவதில்லை. நான் போட்ட பதின்மூன்று மணி நேரத்தில் இது சேரவே இல்லை.

இடைத்தரகர் ஒழிந்தார் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். மதினிக்கு முதல் ரூபாய் வருவதற்குள் காசு பார்த்தவர்கள் யார் யார்? ஒயர் மொத்த வியாபாரி, கூரியர் கடை, ‘இன்ஸ்டாவில் விற்பது எப்படி’ என்று 99 ரூபாய்க்கு வகுப்பு எடுத்துவிட்டு அதன் முடிவில் 4,999 ரூபாய் வகுப்பை விற்ற அக்கா, பக்கத்தை ‘பூஸ்ட்’ செய்ய வாங்கிய நிறுவனம். பிறகு வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ரீசெல்லர்கள். “ஹோல்சேல் ரேட் சொல்லுங்க சிஸ்” என்பார்கள். கூடையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், படத்தை மட்டும் முன்னே தள்ளிவிட்டு, கூடைக்கு நூறு ரூபாய் எடுத்துக்கொள்வார்கள். பழைய தரகர் சைக்கிளில் வந்து நின்றார். அவரிடம் சண்டை போடலாம், பொங்கலுக்கு முன்பணம் கேட்கலாம். இப்போது விலையை, வரிசையை, யார் கண்ணில் படவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவரிடம் சண்டை போடவும் ஒரு வாசல் கிடையாது. ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு எண் வரும், அவ்வளவுதான்.

உலகமே சந்தை என்பது இன்னொரு வேடிக்கை. ஜிஎஸ்டி எண் இல்லாத சிறு விற்பனையாளர்களும் ஆன்லைன் தளங்களில் பொருள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் விதியைத் தளர்த்தினார்கள், நல்ல காரியம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். செங்கோட்டையில் இருக்கும் ஒருத்தி தளத்தின் வழியாக ஓசூர்வரை கூடை அனுப்பலாம்; மலையைத் தாண்டினால் வந்துவிடும் ஆரியங்காவுக்கு அனுப்ப ஜிஎஸ்டி எண் வேண்டும். எண் எடுத்தால் விற்றாலும் விற்காவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஆடிட்டர் அலுவலகத்துக்குக் காசு. கடல் தாண்டிய சந்தையின் லட்சணம் 2025-ல் தெரிந்தது. 800 டாலர்வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. நம் அஞ்சல் துறை அதற்குச் சில நாள் முன்பே அந்த நாட்டுக்கான பெரும்பாலான பொட்டலங்களை நிறுத்திவைத்து, அக்டோபரில்தான் திரும்ப எடுத்தது. நவராத்திரிக்கு அங்கிருக்கும் தமிழர்களுக்குக் கொலு பொம்மையும் தாம்பூலக் கூடையும் அனுப்புகிறவர்களுக்கு வருஷத்தின் பெரிய வியாபாரமே அந்த இடைவெளியில்தான்.

மதினி விற்பது தப்பான இடத்தில், கைவேலைக்கென்றே தனித் தளங்கள் இருக்கின்றனவே என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கின்றன. அவற்றில் பெரியது எட்ஸி. 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், கையால் செய்கிறவர்களுக்காக என்று சொல்லித் தொடங்கப்பட்டது. 2013-லேயே வெளி உற்பத்தியாளர்களின் உதவியோடு செய்த பொருளையும் அனுமதிக்கும்படி விதியைத் தளர்த்தியது. விற்பனைக் கட்டணம் 3.5 சதவீதமாக இருந்தது 2018-ல் 5 ஆனது. 2022 ஏப்ரலில் 6.5. அந்த ஏப்ரல் 11-ம் தேதி ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடிவைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணம் இறங்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த, டாலரில் விற்கிற, பத்திரிகைகளில் செய்தி வரவைக்கத் தெரிந்த கைவேலைக்காரர்களுக்கே அந்தக் கதி.

எனக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாததற்கு என் அம்மா காரணம். அம்மா பீடி சுற்றியவள். எங்கள் பக்கத்தில், தென்காசியிலிருந்து முக்கூடல்வரை, சுளகை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இல்லாத தெரு கிடையாது. பீடிக்கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் இலையை நனைத்து, கத்தரியால் வெட்டி, சுற்றி, நூல் கட்டி, ஆயிரக் கணக்கில் திரும்பக் கொடுக்க வேண்டும். செக்கர் கையில் எடுத்துப் பார்த்துக் கழிப்பதைக் கழிப்பார். அம்மாவையும் “வீட்டுல சும்மாதானே இருக்கா, நாலு பீடி சுத்தட்டும்” என்றுதான் சொன்னார்கள். வீட்டிலிருந்தே சம்பாதிப்பது என்பது செல்போன் கண்டுபிடித்ததல்ல. வேலைக்கு இடமும் விளக்கும் தரையும் பாயும் தொழிலாளியே கொடுக்கட்டும் என்று முதலாளிகள் வெகுகாலம் முன்பே கண்டுபிடித்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பீடித் தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று அது ஒப்புக்கொண்டது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி உண்டு. அம்மாவுக்குப் பாஸ் புத்தகம் இருந்தது, பி.எஃப். பிடித்தார்கள். அந்தப் பி.எஃப். பணத்தில்தான் என் காதில் கிடக்கும் கம்மல் வந்தது. பீடி வேலையை நான் புகழவில்லை. தூள் அவள் நெஞ்சில் இறங்கி, கடைசிப் பத்து வருஷம் இரவெல்லாம் இருமினாள். சொல்ல வருவது இதுதான்: அந்த மோசமான வேலையில்கூட அவள் யாருக்கு உழைக்கிறாள் என்று ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தது. மதினியிடம் அப்படி ஒரு புத்தகமும் இல்லை. அவளைத் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை, ‘தொழில்முனைவோர்’ என்கிறார்கள். பட்டம் பெரிதாகப் பெரிதாகக் கூலி தேய்ந்துவிட்டது. இப்படி வீட்டிலிருந்தே வேலை செய்யும் தொழிலாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், எனக்கே தெரியும். பாளையங்கோட்டையில் கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்து தருகிற ஒருத்தி நன்றாகவே இருக்கிறாள். அவளுக்கு வருகிறவர்கள் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள். அளவு கொடுக்க நேரில் வருகிறார்கள். தைத்ததைப் போட்டுப் பார்த்து, அடுத்த முகூர்த்தத்துக்குத் தங்கையைக் கூட்டிவருகிறார்கள். போன் அவளுக்கு ஆர்டர் புத்தகம், ஆல்பம். சந்தை அவள் தெருவில்தான் இருக்கிறது. இன்னொரு வகை, செட்டிநாட்டுக் கொட்டான். சீர் வைக்கப் பனையோலையில் முடைந்த அந்தக் கூடை பிளாஸ்டிக் வந்ததும் மங்கிப்போயிருந்தது. அதை மீட்டதில் விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளைக்குப் பெரிய பங்கு உண்டு. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. முடைகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு பக்கம் திறந்து, ஒருத்திக்கொருத்தி பத்து ரூபாய் குறைத்து விற்று அது மீளவில்லை. பயிற்சி, சாயம், வடிவம், தரம், விற்பனை எல்லாவற்றையும் சுமக்க ஓர் அமைப்பு இருந்தது. முடைகிறவள் முடைந்தால் போதும். அரசும் கைவினைப் பொருள்களை விற்க 1973-லிருந்து பூம்புகார் நிறுவனத்தை நடத்துகிறது; அதில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் சிற்பியிடம் “நீயே ரீல் போட்டுக்கொள்” என்று சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்து, மதினிக்கு ஒழுங்காகக் காசு வந்தது ஒரே ஒரு தடவை. ஒரு கல்யாண வீட்டுக்குத் தாம்பூலத்துக்காக நூற்றைம்பது சின்னக் கூடை. தெருவில் ஐந்து பெண்கள் பிரித்துக்கொண்டார்கள். ஒயரை மொத்தமாக வாங்கினார்கள், ஒரே ஆட்டோவில் ஏற்றி மண்டபத்தில் இறக்கினார்கள். பெட்டி இல்லை, கூரியர் இல்லை, படம் எடுக்கவில்லை. முன்பணம் பாதி வாங்காமல் ஒயரைத் தொட மாட்டோம் என்று ஐந்து பேரும் சேர்ந்து சொன்னார்கள், கல்யாண வீட்டார் கொடுத்தார்கள். தனியாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தைரியம் வந்திருக்காது என்று மதினியே சொன்னாள். இதை யாரும் வீடியோவாகப் போடவில்லை.

நான் கணக்குப் போட்ட அந்த நோட்டை மதினி இப்போது தானே வைத்திருக்கிறாள். உட்காரும்போது மணி, எழுந்திருக்கும்போது மணி. நடுவில் மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க எழுந்தால் அதையும் கழித்து எழுதுகிறாள். அதில் மட்டும் எதற்கு இவ்வளவு நேர்மை என்று நான் கேட்டதற்கு, “கணக்குன்னா கணக்கு பிள்ள” என்றாள். நேற்றுப் பெங்களூரிலிருந்து ஒருவர் நெல்லிக்காய் முடிச்சுக் கூடை கேட்டார். நோட்டைப் பார்த்துவிட்டு 950 என்று அனுப்பினாள். ‘லாஸ்ட் பிரைஸ்?’ என்று வந்தது. மறுபடியும் 950 என்றே அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. இன்று சாயங்காலம்வரை பதில் இல்லை.